விண்மாறனுக்கு ஒரு தூக்குச்சட்டி

என் அம்மா வானத்திலிருந்து விழுந்த அன்று, சிவகாசியில் எங்கள் தெருவின் நடுவே மாரிக்கனிப் பெரியம்மாவும் ஜெயக்கொடிப் பெரியம்மாவும், கஞ்சியில் அலசிய கத்தரிப்பூ நிறச் சுங்குடிச் சேலை ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒரு வளைகாப்புக்குப் போகிற அவசரத்தில் வெயிலில் காயவைத்துக்கொண்டு நின்றார்கள். காற்று வந்தால் சேலை உப்பும், போனால் தொய்யும். அப்படி ஒரு தடவை அது தொய்ந்த நேரத்தில் அம்மா சரியாக அதன் நடுவில் வந்து விழுந்தாள். சேலை கிழியவில்லை. கஞ்சிதான் கொஞ்சம் உதிர்ந்தது.

அவர்கள் இருவரும் நாத்தனாரும் மதினியும். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்ந்துவந்தவர்கள். எதனால் பேச்சு நின்றது என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது, ஆனால் நின்றது நின்றதுதான். ஏதாவது சொல்லியே தீர வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் அது கேட்கும். சேலை காயவைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், அது வேலை, பேச்சில் சேராது என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. ஆகவே அன்று அம்மா விழுந்தபோது, "பிடி மதினி!" என்று ஒருத்தியும் "விட்றாத மதினி!" என்று இன்னொருத்தியும் கத்தியதைத் தெருவே கேட்டது. பிறகு அதைப் பற்றிக் கேட்டவர்களிடம் இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "நான் சேலைகிட்டத்தான சொன்னேன்."

அம்மா சேலைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஆ! நான் எங்கே இருக்கிறேன்? விண்மாறன் எங்கே?" என்றாள்.

"யாருத்தா இது, மேடையில பேசுற மாதிரிப் பேசுது" என்றாள் மாரிக்கனிப் பெரியம்மா.

"நான் சுலோசனா! நகரத்தின் நிருபர்!"

"எந்த நகரம்?"

"நகரம்!" என்றாள் அம்மா. அதற்கு மேல் அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை.

"மெட்ராஸா இருக்கும்" என்று யாரோ சொல்ல, தெரு அதை ஒப்புக்கொண்டது. எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் லேசில் அசரமாட்டார்கள். ஆடிப் பதினெட்டு அன்றே அடுத்த வருஷத்துக் காலண்டருக்குப் பூஜை போட்டு, இன்னும் பிறக்காத பொங்கலையும் தீபாவளியையும் அச்சடித்து, அடுக்கி, ஓட்டை போட்டு, கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றி அனுப்புகிறவர்கள் அவர்கள். நாளைக்கு நடக்கப்போவதைக் கையில் பிடித்துப் பழகியவர்களுக்கு, காகிதத்திலிருந்து ஒரு பெண் விழுவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவள் சாப்பிட்டாளா என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருந்தது. சாப்பிட்டதே இல்லை என்று அவள் சொன்னதும்தான் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

காகிதத்தில் அவள் வாழ்ந்த வாழ்க்கை இதுதான். விண்மாறன் என்பவர் சிவப்பு அங்கி அணிந்து வானத்தில் பறப்பவர், மாதம் ஒரு படக்கதைப் புத்தகத்தில் உலகத்தைக் காப்பாற்றுபவர். அம்மா அவருடைய காதலி. நிருபர் என்று பெயர்தானே தவிர, ஒரு வரிச் செய்தி எழுதுவதற்கும் கதையில் அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் கையில் பேனா இருக்கும், அடுத்த கட்டத்தில் விழுந்துகொண்டிருப்பாள். பாலத்திலிருந்து விழுந்தாள், ஓடும் ரயிலிலிருந்து விழுந்தாள், கலங்கரை விளக்கத்திலிருந்து விழுந்தாள், ஒருமுறை எரிமலைக்குள்ளேயே விழப்போனாள். ஒவ்வொரு முறையும் விண்மாறன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பறந்துவந்து பிடித்தார். பிடித்த உடனே அவள் மயங்கிவிடும்படி வரைந்திருந்தார்கள். அவள் கண் விழிக்கும்போது அவர் வானத்தில் ஒரு புள்ளியாகியிருப்பார். அவளுக்குத் தாய் இல்லை, தகப்பன் இல்லை, பசி இல்லை, செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இல்லை. கடைசியாக வந்த இதழில் வில்லன் அவளை மணிக்கூண்டின் உச்சியிலிருந்து தள்ளிவிட்டான். அந்தக் கட்டத்துக்குக் கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தார்கள். அதோடு பத்திரிகை நின்றுவிட்டது. பத்திரிகை நின்றாலும் அம்மாவால் நிற்க முடியவில்லை, அவள் விழுந்துகொண்டே இருந்தாள். பயமாக இல்லையா என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். "வெள்ளையா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்பாள். "ஒரு கோடு இல்ல, ஒரு எழுத்து இல்ல. யாராவது என்னையத் திட்டினாக்கூட நல்லா இருக்கும்னு தோணும்."

சேலையைச் சுற்றிக் கூட்டம் நின்றபோது, மதியச் சாப்பாட்டுக்காகப் பிரஸ்ஸிலிருந்து சைக்கிளில் வந்த ராஜபாண்டி என்ற மெஷின்மேன் கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே முகம் வாடிப்போய் நின்றார்.

"இது என் மெஷின்ல ஓடின பிள்ளை" என்றார். "உதட்டைப் பாருங்க. சிவப்பு விலகியிருக்கு. நான்தான் அன்னைக்கிச் சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். அவளுடைய உதட்டுச் சிவப்பு உதட்டின் மேல் இல்லாமல் ஒரு நூல் அளவு இடப்பக்கம் தள்ளி நின்றது. பொட்டும் அப்படித்தான், சேலைக்கரையும் அப்படித்தான். படம் அச்சாகும்போது மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். அந்தக் கடைசி இதழை ஓட்டிய அன்று கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் சிவப்பு மட்டும் விலகிவிட்டது. விலகியதைத் தள்ளிவைக்காமல் அப்படியே அனுப்பிவிட்டார்கள்.

"பெத்த பிள்ளைக்கு மச்சம் சொல்ற மாதிரிச் சொல்றான் பாரு" என்றாள் மாரிக்கனிப் பெரியம்மா சுவரைப் பார்த்து.

ராஜபாண்டி மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். "ஒரு தப்புக்கு எத்தன நாளு மன்னிப்புக் கேப்பான் ஒரு மனுசன்? மன்னிப்புக் கேக்க வாரான், காப்பியக் குடிக்கான், அந்தப் பிள்ள மொகத்தப் பாக்கான், போறான்" என்று ஜெயக்கொடிப் பெரியம்மா சுவரிடம் முறையிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "காப்பித்தூளு என் வீட்டுலயும்தான் தீருது" என்று பதில் வந்தது. அந்த ராஜபாண்டிதான் என் அப்பா.

அதற்குள் அம்மா ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். பசி வந்தால் அது நோய் இல்லை என்று கற்றுக்கொண்டாள். கரப்பான்பூச்சியைப் பார்த்து "காப்பாற்றுங்கள்!" என்று கூவினால் யாரும் பறந்து வரமாட்டார்கள், விளக்குமாற்றை எடுத்துக் கொடுப்பார்கள் என்று கற்றுக்கொண்டாள். மயங்கி விழுவதற்கு முன்னால் அடுப்பை அணைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டாள், பிறகு மயங்காமலே இருக்கலாம் என்றும் கற்றுக்கொண்டாள். காலண்டர் கட்டுகிற ஓர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, நாட்களை வரிசை பார்த்து அடுக்கிக் கொடுத்தாள். முதல் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தபோது அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பக்கத்திலிருந்தவர்கள் வேலை தேங்குகிறதென்று சத்தம் போட, அவளுக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்ததாம், யாரோ திட்டிவிட்டார்கள் என்று.

இன்னொன்றும் கற்றுக்கொண்டாள். மாரிக்கனிப் பெரியம்மா தன் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் சுவருக்கு அந்தப் பக்கம் போகும். பேச்சு இல்லை என்பதற்காகக் குழம்பை நிறுத்த முடியாது. அந்தக் கிண்ணம் கழுவித் திரும்பி வரும்போது அதில் கொஞ்சம் முறுக்கோ, கருப்பட்டி மிட்டாயோ, ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியோ இருக்கும். ஒருநாள் ஜெயக்கொடிப் பெரியம்மா வீட்டிலிருந்து அம்மா கிண்ணத்தை நன்றாகத் துலக்கி, பளபளவென்று, வெறுமனே கொண்டுபோய்க் கொடுத்தாள். மாரிக்கனிப் பெரியம்மா வாங்கவே இல்லை.

"ஏனத்த வெறுமனே குடுக்கக் கூடாது, தாயி."

"ஏன் அக்கா?"

"ஏன்னா? குடுக்கக் கூடாது."

"நன்றி என்று சொல்லிவிட்டுக் கொடுக்கலாமா?"

"அத வச்சி என்ன பண்ண? சீனி இருந்தாப் போடு."

அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. நன்றி என்ற சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அவள் மயங்கிக் கிடந்தவள். இங்கே அதைச் சொல்லவே வேண்டாம், கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால் போதும் என்பது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

கல்யாணம் பேசியபோது அம்மாவின் பிறந்த வீடு எது என்ற கேள்வி வந்தது. மாரிக்கனிப் பெரியம்மா தான் பிடித்த முனையில்தான் பெண்ணின் தலை இருந்தது என்றாள். ஜெயக்கொடிப் பெரியம்மா தான் பிடித்த முனையில்தான் கால் இருந்தது, கால் வந்த இடம்தான் வீடு என்றாள். கடைசியில் இரண்டு வீட்டிலிருந்தும் சீர் வந்தது. ஒரே மாதிரி இரண்டு குத்துவிளக்கு, ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் தூக்குச்சட்டி. கலந்து பேசாமலே எப்படி ஒரே மாதிரி வாங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுவர் சொல்லியிருக்கும்.

நான் பிறந்ததும் எல்லோரும் முதலில் என் உதட்டோரத்தைத்தான் பார்த்தார்களாம். நிறம் அதனதன் இடத்தில் இருந்தது. அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார், ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசும்போது மட்டும் அவர் எப்போதும் அந்த ஒரு நூல் இடைவெளியைத்தான் பார்த்துப் பேசுவார். எனக்கு நினைவு தெரிந்து அம்மாவுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று, அவள் மொட்டைமாடிக்கு ஏற மாட்டாள். வடகம் காயவைப்பது, துணி எடுப்பது எல்லாம் அப்பாவும் நானும்தான். அவள் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, "கைப்பிடிச் சுவர் பக்கம் போகாத, பிடிக்கிறதுக்கு எல்லா நேரமும் ஆள் வராது" என்பாள்.

நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், சமையலறையில் அம்மாவின் கால் தரையில் படவில்லை என்பதைக் கவனித்தேன். ஒரு விரல் உயரம்தான். நான் எதையும் உடனே சொல்லிவிடுகிறவள் இல்லை, ஆகவே இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு விரல் ஒரு சாண் ஆனது.

தெருவுக்குத் தெரிந்ததும் தெரு அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. முதலில் கொஞ்ச நாள் வசதியாகவே இருந்தது. "சுலோசனா, எப்படியும் மேலதான இருக்க, அந்தப் பரண்ல கிடக்கிற அண்டாவ எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்று அழைத்துப் போனார்கள். பிறகு உயரம் கூடியது. அவள் நுழைகிற வீட்டில் அந்த வெக்கையிலும் மின்விசிறியை நிறுத்தினார்கள். பிறகு, அவள் கையில் கனமாக எதையாவது கொடுத்தால் இறங்குகிறாள் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் அவளை வெறுங்கையோடு யாரும் விடவில்லை. ஒருத்தி ஆட்டுரல் குழவியைக் கொடுப்பாள், ஒருத்தி மாவுச்சட்டியைக் கொடுப்பாள், கோடிவீட்டுச் செண்பகம் தன் குண்டுப்பிள்ளையைக் கொடுத்துவிட்டு, "உனக்கும் கனமாச்சு, எனக்கும் வேலையாச்சு" என்று துணி துவைக்கப் போவாள். அம்மா குண்டுப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரசம் தாளிப்பாள். படுக்கும்போது முந்தானையைக் கட்டில் காலில் முடிந்துகொள்வாள்.

ஒருநாள் என்னிடம், "எங்கேயோ என்னைய வரையிறாங்க" என்றாள். "இழுக்குது. விழுறது பாதியில நின்னுபோச்சுல்ல, அத முடிச்சுவைக்கக் கூப்பிடுறாங்க."

"போயிருவியாம்மா?"

"போக மாட்டேன்" என்றாள். பிறகு, "உங்க அப்பாவுக்கு ரசம் வைக்கத் தெரியாது" என்றாள். அதைச் சொன்னபோது அவளுடைய உதட்டுச் சிவப்பு ஒரு நூல் அளவுக்கு மேல் தள்ளிப்போனதைப் பார்த்தேன்.

வரைந்துகொண்டிருந்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். பரிதி என்பவர் விண்மாறனைப் பதிப்பிக்கும் உரிமையை வாங்கி, நின்றுபோன கதையை நின்ற இடத்திலிருந்தே தொடங்கியிருந்தார். அச்சடிக்க எல்லோரையும்போல அவரும் சிவகாசிக்குத்தான் வர வேண்டியிருந்தது, வந்ததும் அப்பா வேலை பார்க்கிற பிரஸ்ஸுக்குத்தான் வந்தார். அவர் கொண்டுவந்த படத்தைப் பார்த்த அப்பா கையோடு அவரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

பரிதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, அம்மா ஆட்டுரல் குழவியை அணைத்துக்கொண்டு நிலையின் உச்சி உயரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க... சுலோசனாவாம்மா?"

"ஆமா தம்பி. உள்ள வாங்க. தலையத் தட்டிக்காதீங்க, நான் கொஞ்சம் தள்ளிக்கிறேன்."

அவர் உட்கார்ந்து, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே பேசினார். ஆறாம் வகுப்பில் அந்தக் கடைசி இதழைப் படித்ததாகவும், விண்மாறன் அவளைப் பிடித்தாரா இல்லையா என்று தெரியாமலே வளர்ந்துவிட்டதாகவும், வேலை கிடைத்துச் சம்பளம் வாங்கிய பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்ததாகவும் சொன்னார். பிறகு படத்தை விரித்தார்.

மணிக்கூண்டு. நகரம். நடுவானில் விண்மாறன், இரண்டு கைகளையும் ஏந்துவதற்கு நீட்டிக்கொண்டு. கைகளின் மேல் வெள்ளையாக ஓர் இடம்.

"உங்களை எத்தனை தடவை வரைஞ்சாலும் காலையில அந்த இடம் காலியா இருக்கும்மா. நீங்க வந்தாத்தான் கதை முடியும்."

"வந்தா திரும்பி வர முடியுமா தம்பி?"

பரிதி காப்பியைக் கீழே வைத்தார். "தெரியலம்மா. எனக்குத் தெரிஞ்சு காகிதத்துல இருந்து வெளிய வந்தது நீங்க ஒருத்தர்தான்."

ஜெயக்கொடிப் பெரியம்மா சுவரைப் பார்த்து, "ஏ செவரே, வந்த தம்பிகிட்டச் சொல்லு, எங்க வீட்டுப் பொம்பளைய அனுப்புறதா இல்லன்னு" என்றாள்.

"நானும் அதத்தான் சொல்றேன்னு சொல்லு" என்றாள் மாரிக்கனிப் பெரியம்மா, அதே சுவரிடம். அவர்கள் இருவரும் அப்போது ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

"வேண்டாம்னா இத்தோட நிறுத்திடறேன்மா" என்றார் பரிதி. உண்மையாகத்தான் சொன்னார், அவருடைய கண் கலங்கியிருந்தது. "ஆனா விண்மாறன் இப்படியே நிப்பாரு."

அம்மா குழவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் படத்தைக் கையில் வாங்கினாள். வாங்கியதும் உத்தரத்துக்குப் போய்விட்டாள், அப்பா அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தபடியே அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். அவள் விண்மாறனுடைய முகத்தை அருகில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிவிடும்படியாகவே அவளை வரைந்திருந்தார்கள் அல்லவா.

"கை வலிக்குமே" என்றாள்.

அப்பா முந்தானையைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"எத்தன தடவை என்னையப் பிடிச்சிருக்காரு. ஒரு தடவகூட நான் ஒண்ணும் சொன்னதில்ல. அவரு ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கூட நான் பாத்ததில்ல." பிறகு அவள் தலையைச் சாய்த்து, காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்தாள். "ஏந்துன கைய எப்படிக்கா வெறுமனே அனுப்புறது?"

மாரிக்கனிப் பெரியம்மா எழுந்துவிட்டாள். "அம்புட்டுத்தான? குடுத்து விடுவோம்."

உலகத்தைக் காப்பாற்றுகிறவர் என்ன சாப்பிடுவார் என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்தது. பறக்கிற ஆள், வயிற்றுக்கு லேசாக இட்லி போதும் என்றது ஒரு கட்சி. இத்தனை வருஷமாகப் பட்டினி கிடந்தவருக்கு இட்லியா என்றது இன்னொரு கட்சி. "கவிச்சி, மீனு கறி சாப்பிடுவாரா?" என்று செண்பகம் கேட்க, எல்லோரும் மேலே இருந்த அம்மாவைப் பார்த்தார்கள். "எனக்கு எப்படித் தெரியும்? மாச மாசம் பார்த்துக்கிட்டோம்னுதான் பேரு" என்றாள் அம்மா. "நல்லாக் காதலிச்ச போ" என்றாள் செண்பகம். அப்பாவும் சிரித்துவிட்டார். சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அவித்த முட்டை என்று முடிவானது. முட்டை வேண்டாம் என்றால் ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம். அம்மா இடுப்பில் குண்டுப்பிள்ளையும் கையில் கரண்டியுமாகத் தானே சமைத்தாள். சீராக வந்த இரண்டு தூக்குச்சட்டியில் எதை எடுப்பது என்ற பிரச்சினை வந்தது. எது யார் கொடுத்தது என்று யாருக்கும் அடையாளம் தெரியாததால் அது தானாகவே தீர்ந்தது. பறக்கும்போது மூடி கழன்றுவிடாமல் இருக்க, பெட்டியிலிருந்து அந்தப் பழைய சுங்குடிச் சேலையை எடுத்து, அதன் ஓரத்தில் ஒரு நாடா கிழித்து, மாரிக்கனிப் பெரியம்மா இறுக்கிக் கட்டினாள்.

மீதிச் சேலையை அம்மாவின் இடுப்பில் சுற்றி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, பெரியம்மாக்கள் இருவரும் அவளைப் பட்டம்போலத் தெருவழியாகப் பிரஸ்ஸுக்குக் கூட்டிப் போனார்கள். கடைத்தெருவில் ஒன்றிரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மின்கம்பி இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றார்கள்.

அப்பா மெஷினைத் துடைத்தார். அச்சுப் பிளேட்டை மாட்டினார். தாள் அடுக்குகிற பலகையில், தாள்கட்டின் மேல் தூக்குச்சட்டியை வைத்தார். ஒரு தடவை நிறம் விலகியதில்தான் அம்மா அவருக்குக் கிடைத்தாள். இந்தத் தடவை விலகினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. மெஷின் ஓடத் தொடங்கியதும் அம்மா விருட்டென்று மேலே போனாள், சேலை இரண்டு பக்கமும் விறைத்தது.

"பிடி மதினி!"

"பிடிச்சிருக்கேன், நீ விட்றாத மதினி!"

முதலில் மஞ்சள் ஓடியது. நகரத்து ஜன்னல்களில் விளக்குகள் வந்தன, விண்மாறனின் கைகளின் மேல், வெள்ளையாக இருந்த இடத்தில், ஒரு வெளிச்சம் மட்டும் வந்தது. பலகையைப் பார்த்தபோது தாளோடு தாளாகத் தூக்குச்சட்டியும் உள்ளே போயிருந்தது. அப்பா தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, எதையோ ஒரு மயிரிழை திருகினார். அடுத்துச் சிவப்பு. விண்மாறனின் அங்கி வந்தது, கைகளின் மேல் ரோஜா நிறத்தில் ஒரு நாடா வந்தது. அம்மா கூரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கினாள். அடுத்து நீலம். வானம் வந்தது, நாடா கத்தரிப்பூ நிறமானது, அதன் கீழே எவர்சில்வரின் உருண்டை வயிறு பளபளத்தது. அம்மா முழங்கால் உயரத்துக்கு வந்தாள். கடைசியாகக் கறுப்பு. கோடுகள் வந்தன. கைப்பிடியும் மூடியும் முடிச்சும் வந்தன. விண்மாறன் தூக்குச்சட்டியை இரண்டு கையாலும், ஒரு பெண்ணை ஏந்துவது போலவே ஏந்திக்கொண்டு நின்றார். அம்மாவின் இரண்டு காலும் தரையில் பட்ட சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அப்பா மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து முதலில் அம்மாவின் உதட்டைத்தான் பார்த்தார். சிவப்பு அதே ஒரு நூல் தள்ளி, பழைய இடத்திலேயே இருந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியம்மாக்கள் சேலையை மடித்தார்கள். சத்தம் போட்டுப் பேசிக்கொண்டீர்களே என்று பரிதி வெள்ளந்தியாகக் கேட்டதற்கு இருவரும், "சேலைகிட்டத்தான சொன்னோம்" என்றார்கள்.

அந்தப் புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் விண்மாறன் மணிக்கூண்டின் படிக்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதை யாராவது வரைந்தார்களா, தானாக வந்ததா என்று பரிதி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. படித்தவர்களில் சிலர் கோபப்பட்டார்களாம். பலர் அது என்ன குழம்பு என்று கேட்டு எழுதினார்களாம். பரிதிக்கு அதற்குப் பிறகு எதுவும் உறுத்தவில்லை என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னார்.

புத்தகம் கடைக்கு வந்த சில நாட்களில், காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தபோது, வாசற்படியில் தூக்குச்சட்டி இருந்தது. நன்றாகத் துலக்கி, அச்சு மை வாசனையோடு. சுங்குடி நாடாவை மடித்து மூடிமேல் வைத்திருந்தார் விண்மாறன். நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு பிடி சீனி இருந்தது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு சீனியும் அச்சில் விழுந்த ஒரு சின்ன நீலப் புள்ளி.

அம்மா ஒரு துணுக்கை விரல்நுனியில் ஒற்றி எடுத்தாள். "அந்த ஊர்ல ஒரே ஒரு மளிகைக்கடை உண்டு" என்றாள். "போர்டு மட்டும்தான் வரைஞ்சிருப்பாங்க. கதவே கிடையாது. நான் விழும்போதெல்லாம் பாத்திருக்கேன்."

"அப்புறம் எப்படி வாங்கினாரு?"

"போய்க் கேட்டிருப்பாரு" என்றாள் அம்மா. "நடந்து போயிருப்பாரு."

அன்று அந்தச் சீனியைப் போட்டு ஒரு குண்டான் நிறையக் காப்பி போட்டாள். பெரியம்மாக்கள் குடித்தார்கள், அப்பா குடித்தார், செண்பகம் குடித்துவிட்டுக் குண்டுப்பிள்ளையின் நாக்கிலும் ஒரு சொட்டுத் தடவினாள். எல்லோருடைய உதட்டோரத்திலும் ஒரு நூல் தள்ளி லேசாக நீலம் நின்றது, மத்தியானம் வரைக்கும் போகவில்லை.

அம்மா தன் டம்ளரை எடுத்துக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக மொட்டைமாடிக்கு ஏறினாள். நான் அவளுக்குப் பின்னாலேயே போனேன். அவள் கைப்பிடிச் சுவர் வரைக்கும் நடந்து, அதில் முழங்கையை ஊன்றி நின்று, ஒரு வாய் குடித்தாள். பிறகு மேலே பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல, "இனிப்பு சரியா இருக்குங்க" என்றாள்.